இருபத்தொரு நாள் தண்ணீர்

எங்கள் கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்த அரை மணி நேரத்தில் என் மாமனார் மண்டபத்தை விட்டுக் காணாமல் போனார். பந்தியில் தேடினார்கள், போட்டோவுக்குத் தேடினார்கள். என் அப்பா வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு, சம்பந்திக்கு நம் மேல் ஏதோ மனக்குறை போலிருக்கிறது என்று முகம் வாடி உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி வாக்கில் பட்டு வேட்டி முழங்கால் வரை நனைந்து, மிகுந்த திருப்தியோடு மாமனார் திரும்பி வந்தார். நான்கு நாளுக்கு முன் மேல்பட்டாம்பாக்கத்தில் காங்கிரீட் போட்ட ஒரு தளத்தில் தண்ணீர் வற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் நிஜமாகவே வற்றித்தான் இருந்ததாம். "நல்லவேள போனேன்" என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் நல்லவேளை என்றார். வேறென்ன சொல்வார், பாவம்.

அவர் சிதம்பரத்தில் காங்கிரீட் காண்டிராக்டர். சுவர் எழுப்புவது, பூசுவது எல்லாம் மற்றவர்கள் பாடு. மேலே தளம் போடுவது மட்டும்தான் அவர் வேலை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து நெல்லிக்குப்பம் வரை தளம் என்றால் அவரைக் கூப்பிடு என்றுதான் பேச்சு. அவர் போட்ட தளம் ஒழுகியது கிடையாது, வெடித்தது கிடையாது. அதற்கு அவர் சொல்லும் காரணம் சிமெண்ட் இல்லை, கம்பியும் இல்லை, தண்ணீர். காங்கிரீட் போட்ட மறுநாள் தளத்தின் மேல் கலவையால் சின்ன வரப்புகள் எடுத்து, வயலில் பாத்தி கட்டுவது போலக் கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்திவிடுவார். அப்போதுதான் காங்கிரீட் இறுகும். எல்லா மேஸ்திரிகளும் செய்வதுதான். அவர்கள் ஏழெட்டு நாளில் விட்டுவிடுவார்கள். இவருக்கு இருபத்தொரு நாள். இருபத்திரண்டாம் நாள்தான் அந்த வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கவே செய்வார்.

நான் கடலூர்க்காரி. சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு ஆபீசில் இரண்டு வருஷம் பிளான் வரைந்தவள். காங்கிரீட் காண்டிராக்டர் வீட்டில் வாழ்க்கைப்படுகிறோம், இனி வரைவதோடு நிற்காமல் கட்டவும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சிதம்பரம் வந்தேன். மாமனார் வந்தவர்களிடமெல்லாம் "எங்க மருமவ டிப்ளமோ" என்று சொல்லுவார். வீட்டில் புது பிரிட்ஜ் வாங்கியிருப்பதையும் அதே குரலில்தான் சொல்லுவார். சைட்டுக்கு வருகிறேன் மாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "வெய்யில்ல எதுக்கும்மா?" என்பார். மார்கழியில் கேட்டாலும் வெயில்தான். இரண்டு வருஷம் இப்படியே போனது.

2011 கடைசியில் அந்தப் புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டன. கரையோரச் சவுக்குத் தோப்புகளில் முப்பது வருஷத்து மரங்கள் வேரோடு கிடந்தன. விறகுக்குக்கூட ஆள் வரவில்லை. எல்லார் வீட்டிலும் விறகு இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், கிள்ளை பக்கம் சதுப்புநிலக் காட்டு ஓரத்து ஊர்களில் வேலை செய்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓலைக் கூரை போட்டிருந்த அவர்களுடைய ஆபீசைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புது ஆபீஸ் கட்ட வேண்டும். தளத்துக்கு என் மாமனாரைத் தவிர வேறு யாரிடம் வருவார்? ஆனால் அவர் பையிலிருந்து எடுத்தது பிளான் இல்லை, போட்டோக்கள். ஏதோ குளிர் நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது எடுத்தவை. ஏழு மாடிக் கட்டடம், சுவர், தளம், மாடிப்படி எல்லாமே மரம். பலகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்துக் காங்கிரீட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்தார்கள். "சிமெண்ட் ஒரு மூட்டைகூட வேண்டாம். விழுந்த மரத்தாலயே கட்டுவோம் சார். பூமிக்குச் சுமையே இல்லாத ஆபீஸ்" என்றார் செயலாளர்.

மாமனார் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "சார், பந்தலுக்கு வேற ஆளு இருக்காங்க. நம்பர் தரட்டுமா?"

டீ கொண்டுவந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டுக்கு நாலு சட்டமா அறுத்து, படுக்கப் போடாம நிமித்தி வெச்சி, ஒண்ணோட ஒண்ணு சேத்து ஆணி அடிச்சா பன்னெண்டு அடி அகலத்துக்குத் தாங்கும்" என்றேன். கணக்குப் போட்டுப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். பிறகு சமையலறைக்குப் போய் கேலண்டர் தாளின் பின்னால் போட்டுப் பார்த்தேன், தாங்கியது.

அன்று சாப்பிடும்போது மாமனார் தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணு கட்டு. ஆசையா கேக்குற. கட்டி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்க பேச மாட்டேன். நின்னுதுன்னா அப்பறம் எந்த சைட்டுக்கு வேணும்னாலும் போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நிக்கலன்னா இந்த கட்டடப் பேச்சே வூட்ல இருக்கக் கூடாது." என் வீட்டுக்காரர் மொபைல் கடை வைத்திருப்பவர், கட்டடம் என்றால் அவருக்கு வாடகைதான் ஞாபகம் வரும். சாம்பார் ஊற்றிக்கொண்டே, சரிதானே என்றார். ஐந்து வருஷம் படித்ததும் வரைந்ததும் ஒரே ஒரு ஆபீஸின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பித்த நாள் முதல் அந்தக் கட்டடம் யாருக்கும் கட்டடமாகத் தெரியவில்லை. வரி போடும் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் கூரை, ஓடு, காங்கிரீட் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. எதில் டிக் போடுவது என்று கேட்டேன். அங்கிருந்தவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மேசை நாற்காலி கணக்குல வரும்மா. அதுக்கு வரி கெடையாது" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. கட்டடத்தை வேண்டுமானால் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்றும் அக்கறையாக விசாரித்தார். கடைசியில் 'கூரை' என்று எழுதிக்கொண்டோம்.

வேலைக்கு வந்த ஆசாரி கட்டிலும் கதவும் செய்து பெயர் எடுத்தவர். எல்லாவற்றையும் கட்டில் கணக்கிலேயே புரிந்துகொண்டார். சுவர் என்றால் தலைமாட்டுப் பலகை, தூண் என்றால் கால், தளம் என்றால் படுக்கிற இடம். "மேடம், கட்டில கவுத்துப் போட்டு அதுக்குள்ள உக்காந்து வேல பாக்கப் போறாங்க, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டேன். அப்படிப் புரிந்துகொண்ட பிறகு அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நிலைவாசல் வைக்கிற அன்றுதான் தகராறு. மற்ற வீடுகளில் நிலை ஒன்றுதான் மரம். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் கட்டி நிறுத்துவார்கள். இங்கே எல்லாமே மரம். ஒன்றுக்கு வைத்து மற்றதற்கு வைக்காவிட்டால் எப்படி என்று ஆசாரி கேட்டார். பதினாறு தூணுக்கும் அறுபது பலகைக்கும் பொட்டு வைத்தோம். மத்தியானம் வரை ஆயிற்று, நல்ல நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகிற பஸ் அந்த வழிதான். முதல் மாதம் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார்கள். இரண்டாவது மாதமும் பந்தல் பிரிக்கப்படாததைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். மூன்றாவது மாதத்தில் கண்டக்டர் "பந்தல் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். நானே ஒரு நாள் வாய் தவறி "ஒரு பந்தல்" என்று டிக்கெட் கேட்டேன். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே கோபம்.

சித்திரைக் கடைசியில் தளம் முடிந்தது. பன்னிரண்டு அடி அகலம், இருபத்துநாலு அடி நீளம். நூற்று நாற்பத்துநாலு சட்டங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. சவுக்கு இரும்பு மாதிரி. ஓட்டை போடாமல் ஆணி இறங்காது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரம் முழுக்க ஒரே நிறம் இல்லை; தேன், செங்கல், கறுப்பு என்று வரிவரியாக இருந்தது. இனி மேலே போர்த்துகிற தகடு மட்டும்தான் பாக்கி. அது பாண்டிச்சேரியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று மறுநாள் தார்ப்பாய் போட்டு மூடி, ஆசாரியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"தளம் முடிஞ்சிடுச்சி மாமா" என்றேன்.

"என்னிக்கி?"

"நேத்து."

"மேல?"

"தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தார். ஏதோ சொல்ல வந்து, பேசக் கூடாது என்று ஒத்துக்கொண்டது ஞாபகம் வந்தவர் போல, தட்டோடு எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் கடலூர் போனேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் கூட இருக்க வேண்டும். புறப்படும்போது மாமனார் வாசலில் நின்று, "நீ வர்ற வரைக்கும் அங்க யாரு பாத்துக்குறா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை மாமா என்றேன். அந்தப் பதிலை அவர் மன்னிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஆசாரி போன் செய்தார். வேறு வேலையாகக் கிள்ளைக்குப் போனவர் வழியில் இறங்கி எட்டிப் பார்த்திருக்கிறார். "மேடம், மேல மீனு வுடலாம் போல இருக்குதே. நீங்கதான் சொன்னீங்களா?"

"என்ன மீனு?"

"தண்ணி நிக்கிது மேடம். பாத்தி கட்டி. உங்க மாமனாரு ஓஸ் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. கீழ செயலாளர் சார் உள்ள மாட்டிக்கிட்டாரு, கதவு தொறக்க மாட்டேங்குது."

அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து பந்தல். அந்த இரண்டு மணி நேரமும் என் மனதில் ஒரே நினைப்புதான் ஓடியது. கெடுத்துவிட்டார். வேண்டுமென்றே கெடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிடுவேனோ என்று பயந்து, மரத்துக்கு எது ஆகாதோ அதைச் செய்துவிட்டார்.

போய் இறங்கியபோது உச்சி வெயில். செயலாளர் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். ஆர்வம் தாங்காமல் தளம் முடிந்த மறுநாளே மேசையைக் கொண்டுவந்து போட்டு ஆபீஸ் நடத்தியிருக்கிறார். காலையில் உள்ளே போனவர் கதவைச் சாத்தியிருக்கிறார், அது அப்படியே இறுகிவிட்டது. வாட்ச்மேன் அவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நீங்களாவது மேலே தண்ணீர் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா சார் என்றேன். "அவர் இருபத்தஞ்சு வருஷ அனுபவசாலி. ஏதோ லோக்கல் டெக்னிக்னு நெனச்சேம்மா" என்றார். ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயும் இருந்த மனிதரோடு மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை. வாட்ச்மேனுக்கும் அதே பதில்தான். எஞ்சினியரம்மாவின் மாமனாரே வந்து நின்றால் அவர் என்ன கேட்பார்?

ஏணியில் ஏறினேன். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் ஈரத் துண்டு போட்டு, மாமனார் நின்றிருந்தார். தார்ப்பாய் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. என் நூற்று நாற்பத்துநாலு சட்டங்களின் மேல், கோடு பிடித்த மாதிரி பதினெட்டுப் பாத்தி. ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒரு பாத்தியில் கொக்கு ஒன்று நின்றிருந்தது.

"வாம்மா. ஒம்பது நாளு. ஒரு வெடிப்பு கெடையாது" என்றார்.

"மாமா, இது மரம்."

"மரந்தான். தெரியாமயா? மேல போட்டா அது தளம். தளத்துக்குத் தண்ணி காட்டாம தார்ப்பாய போட்டு மூடிட்டுப் போயிட்டியே, இந்த வெய்யிலு என்னாத்துக்கு ஆவும்? மொத ரெண்டு நாளு கீழ ஒழுகுச்சி. சிமெண்ட்டுப் பால கரைச்சி இடுக்குல வுட்டேன். மூணாம் நாளு தானா நின்னுடுச்சி பாரு. செட் ஆயிடுச்சி."

செட் ஆகவில்லை. மரம் ஊறிப் பருத்து, தன் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. பருத்த நூற்று நாற்பத்துநாலு சட்டங்களும் இடம் போதாமல் இரண்டு பக்கமும் சுவரைத் தள்ளியிருந்தன. கிழக்குச் சுவர் இரண்டரை அங்குலம் வெளியே சாய்ந்திருந்ததைத் தூக்குக்குண்டு இல்லாமலே பார்க்க முடிந்தது. கட்டடத்துக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய எஞ்சினியர் அடுத்த மாதம் டெல்லியிலிருந்து வருகிறார். அவர் பார்த்து, சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரியவர் என்று பார்க்கவில்லை. "வேணும்னே செஞ்சீங்க. நான் வீட்டோட கெடக்கணும்னுதானே செஞ்சீங்க?" என்று கத்தினேன். கொக்கு பறந்துவிட்டது. கீழே செயலாளரை இழுப்பதுகூட ஒரு நிமிஷம் நின்றது.

அவர் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓஸைக் கீழே போட்டார். "எங்கையால நான் எந்தத் தளத்தையும் கெடுத்தது இல்லம்மா" என்றார். பிறகு ஏணியில் இறங்கி, ரோட்டுக்குப் போய் பஸ்ஸுக்கு நின்றார். அந்த ஈர லுங்கியோடு.

அன்று வீட்டுக்கு வந்து என் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், கடலூருக்கே போய்விடலாம் என்று. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு, "காட்டுமன்னார்கோயில் தளம் வெடிச்சிடுச்சி, தெரியுமா?" என்றார்.

"எந்தத் தளம்?"

"அப்பாவோடதுதான். நீ கடலூர் போறதுக்கு மொத நாளு போட்டது. தண்ணிய மேஸ்திரி பாத்துக்குவான்னு வுட்டுட்டாரு. அவன் ரெண்டு நாளு காய வுட்டுட்டான். நடுவுல நீட்டா ஒரு கோடு வுழுந்துடுச்சி. அந்த வூட்டுக்காரரு நேத்து வந்து வாசல்ல நின்னு கண்டபடி பேசிட்டுப் போனாரு."

"மாமா ஏன் போய்ப் பாக்கல?"

"அவருதான் தெனம் காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு உன் சைட்டுக்குப் போயிடுறாரே. ரெண்டு எடத்துலயும் எப்படி நிப்பாரு? மருமவ தளம் கேப்பாரில்லாம கெடக்குதுன்னு சொல்லிட்டே போனாரு."

கையில் இருந்த புடவையை மடிப்பதா பிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மகன் கல்யாணத்தன்று மண்டபத்தை விட்டுவிட்டு யாருடைய தளத்தையோ பார்க்கப் போனவர், தன் தளத்தை விட்டுவிட்டு என் தளத்தைப் பார்க்க வந்திருக்கிறார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் தளத்தில் விழுந்த முதல் கோடு எனக்காக விழுந்திருக்கிறது. அவர் செய்தது முழு முட்டாள்தனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்காக அப்படியொரு முட்டாள்தனத்தை அதுவரை யாரும் செய்ததில்லை. புடவையைப் பீரோவில் வைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வரப்புகளை உடைத்துத் தண்ணீரை இறக்கிவிட்டு, சாக்கால் ஒவ்வொரு சட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய லாரி நின்றது. சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பங்கள், பாரம் இழுக்கிற செயின் பிளாக், நான்கு ஆட்கள். என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லும்மா, என்னா செய்யணும்?" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். நடுவிலிருந்து மூன்று சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். பிறகு சுவரை உள்ளே இழுக்கலாம். ஆசாரிக்கு மனசே வரவில்லை. கட்டிலை நடுவில் அறுக்கச் சொல்கிறீர்களே மேடம் என்றார். மாமனார் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். காட்டுமன்னார்கோயில் போக வேண்டாமா மாமா என்று ஒரு தடவை கேட்டேன். "அது வெடிச்சது வெடிச்சிடுச்சி. இது இன்னும் உசுரோட இருக்குது, மொதல்ல இதப் பாரு" என்றார். மூன்று சட்டமும் வெளியே வந்ததும் கட்டடம் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. செயின் பிளாக் போட்டு ஒரு நாளைக்கு அரை அங்குலம் என்று சுவரை இழுத்தோம். ஆறாம் நாள் கதவு திறந்தது. செயலாளர் முதல் ஆளாக உள்ளே போனார், கதவைச் சாத்தவில்லை.

மரம் காயக் காய நடுவில் விட்ட இடைவெளி ஒரு சாண் அகலத்துக்கு வந்துவிட்டது. மறுபடி சட்டம் போட எனக்குத் தைரியமில்லை. அந்த நீளத்துக்குக் கண்ணாடி வாங்கிப் பதித்தேன். மற்ற இடத்துக்குப் பாண்டிச்சேரித் தகடும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. அடிப்பக்கத்தில் சிமெண்ட் பால் வழிந்த வெள்ளைக் கோடுகளை மட்டும் எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை.

இந்த நாட்களில் மாமனார் தண்ணீருக்கே எதிரியாகிவிட்டார். குடிதண்ணீர்க் குடத்தைக் கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினார். வாட்ச்மேன் வாய் கொப்பளித்தால்கூட, தள்ளிப் போய்ச் செய் என்று அதட்டினார். புதுமனை புகுவிழா அன்று ஐயர் மாவிலையால் கலசத் தண்ணீரை எடுத்து மேலே பார்த்துத் தெளிக்கப் போனார். மாமனார் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, வெளிய தெளிங்க. உள்ள வேணாம்." ஐயர் அப்படி ஒரு வைதிகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் ரோட்டுக்குத்தான் புண்ணியம் கிடைத்தது.

டெல்லி எஞ்சினியர் வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் அந்த நேரத்துக்கு வராது. செயலாளர்தான் நடுவில். எஞ்சினியர் சுவரைத் தட்டினார், கதவை இழுத்துப் பார்த்தார், நூல் பிடித்தார். கண்ணாடிக்கு அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பகலில் விளக்கே தேவையில்லாமல் வெளிச்சம் வரும்படி செய்திருக்கிறீர்கள், மின்சாரம் மிச்சம், மிக நல்ல யோசனை என்றார். செயலாளர் எதற்கும் தயாராக ஒரு புன்னகையை வைத்திருந்தார்.

பிறகு வெள்ளைக் கோடுகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முன்னால் வந்தார். வாழ்நாளில் தப்பு என்று எதையும் ஒப்புக்கொண்டவரில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், அது என் தப்பு. மரம்னு பாக்காம தண்ணி வுட்டுட்டேன். சிமெண்ட்டுப் பாலு ஊத்தினது நாந்தான். எங்க மருமவ மேல ஒரு குத்தமும் கெடையாது. அவுங்க ஊர்ல இல்லாதப்ப நடந்தது. எழுதறதா இருந்தா என் பேர எழுதிக்கோங்க."

செயலாளர் கவனமாகக் கேட்டுவிட்டு, எஞ்சினியர் பக்கம் திரும்பி இந்தியில் நிதானமாக ஏதோ சொன்னார். எஞ்சினியரின் முகம் மலர்ந்தது. மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோட்டில் நிறைய எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கரையான் வராம இருக்க இந்தப் பக்கத்துப் பெரியவங்க கையாளுற முறைன்னேன்" என்றார் செயலாளர். "அறிக்கையில சேத்துக்கறாராம்." அந்த அறிக்கையைப் படித்து வேறு எந்த ஊரிலாவது யாராவது மரத்தளத்துக்குச் சிமெண்ட் பால் ஊற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மாமனார் மட்டும் சந்தோஷப்படவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நான் உள்ளதத்தான் சொன்னேன். அவரு ஏம்மா கை குடுத்தாரு?" என்று கேட்டார். விடுங்க மாமா, கட்டடம் நின்னுடுச்சி என்றேன். "நின்னுடுச்சி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த சைட்டுக்கு வேண்டுமானாலும் போ என்று அவர் கொடுத்த வாக்கை நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு காலை. பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அஸ்திவார அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே எனக்கென்று கிடைத்த இரண்டாவது வேலை. போன் அடித்தது. மாமனார். பின்னால் கலவை மெஷின் கழுவுகிற சத்தம்.

"ஏம்மா, காட்டுமன்னார்கோயில்ல புதுத் தளம் நேத்து போட்டாச்சி. காலையில பாத்தி கட்டிட்டாங்க."

"சரி மாமா."

"தண்ணி வுடலாமா?"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. "காங்கிரீட்டுதானே மாமா?"

"காங்கிரீட்டுதான். ஜல்லி, மணலு, சிமெண்ட்டு, கம்பி. மரம் எதுவும் கெடையாது. நல்லா பாத்துட்டேன்."

அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருபத்தைந்து வருஷமாக யாரையும் கேட்காமல் தண்ணீர் விட்டுவந்த மனிதர், மொட்டை வெயிலில் ஒரு தளத்தின் மேல் நின்றுகொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வுடுங்க மாமா."

"எத்தினி நாளு?"

"இருபத்தோரு நாளு."

"அதான் நானும் நெனச்சேன்" என்றார். போனை அணைக்க அவருக்கு எப்போதும் வராது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் யாரிடமோ சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது: "எஞ்சினியரக் கேட்டுட்டேன்டா. தொறந்து வுடு."